அலமாரி வீட்டுக்குப் போகிறாள்

சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே தூங்கலாம் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நூறு பெண்கள் தோளோடு தோள் உரசுகிற மாதிரி ஒரே வேகத்தில் போகும்போது நூறு சங்கிலிகளும் சேர்ந்து ஒரு ரீங்காரம் எழுப்பும். அதைக் கேட்டுக்கொண்டே போனால் காலுக்கும் மனசுக்கும் உள்ள பேச்சுவார்த்தை மெல்ல நின்றுபோகும். கால் தன் பாட்டுக்கு மிதிக்கும். மனசு தன் பாட்டுக்கு எங்கேயோ ஒரு சமையலறையில் நின்று, அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அலமாரி அன்றைக்குக் காலையிலிருந்தே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. முன்னால் போகிறவளின் பின்சக்கரம் ஒரு சாண் தூரத்தில் சுழன்றது. ஆனால் அவள் அங்கே இல்லை. துணி காயப்போட்டிருக்கும் ஒரு மொட்டைமாடியில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியாக விலக்கினால் அந்தப் பக்கம் இன்னொரு துணி ஆடியது.

அலமாரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அணியில் வைத்தது. அகலமான தோள், நிமிர்ந்த முதுகு, எப்போதும் ஒரே சீரான மிதி. அவளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் எதிர்காற்று எட்டிக்கூடப் பார்க்காது. அதுதான் அவள் உத்தியோகம். பந்தயத்தில் ஜெயிக்கவேண்டியவள் ஒருத்தி இருப்பாள். அவள் களைத்துவிடாமல் இருக்க முன்னால் ஓட்டிக் காற்றைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டியவள் இன்னொருத்தி. கடைசி மலைவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அலமாரிக்கு எல்லாம் தலைகீழ். படைக்கு முந்தவேண்டும், பந்திக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அவளுடைய அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. அங்கே எடுக்கிற பல் அச்சுகளை நகரத்தின் மறுகோடியில் பல்செட் செய்கிற கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, செய்து முடித்த பல்செட்டுகளை வாங்கிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த தங்கையிடம் ஒரு பழைய சைக்கிளையும் முதுகுப்பையையும் கொடுத்து அனுப்பினாள் அக்கா. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பை முதுகில் சுமந்துகொண்டு அவள் மாங்கு மாங்கென்று மிதித்தாள். ஒருநாள் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்காக வந்த பந்தயப் பெண்களைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போனாள். அந்தப் பெண்களும் வெட்கமே இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். காரில் வந்த கோச் கண்ணாடியை இறக்கி, "யாரும்மா நீ?" என்று கேட்டார். "பல்செட் அவசரம் சார்" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள்.

வேகத்தைப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கோச் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். "இவ பின்னால வந்தவளுங்கள்ல ஒருத்திக்கும் வேர்க்கல. அதைத்தான் பார்த்தேன்."

அதற்குப் பிறகு ஓட்டல் அறைகள், கைகழுவும் தொட்டியில் அலசிப்போட்ட சட்டைகள், முழங்காலில் ஆறுவதற்குள் மறுபடி உரிந்த தோல். நடுவில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்ததும் இனி அவ்வளவுதான் என்றார்கள். அவள் திரும்பி வந்தாள். முதுகு இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்ததால் கோச்சுக்குச் சந்தோஷம். குழந்தை வீட்டில் வளர்ந்தது. அலமாரிக்கு அது பெரும்பாலும் கைபேசித் திரைக்குள் வளர்ந்தது. ஒரு மாசம் பல் முளைத்திருக்கும், அடுத்த மாசம் அதே பல் விழுந்திருக்கும்.

வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் வாண்டு திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கு மட்டும் பெரிசாகத் தெரிய, ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் ஜெயிக்கவே மாட்டேங்குற?"

"அம்மா வேலை வேறடா கண்ணு. நான் ஓட்டினா இன்னொருத்தங்க ஜெயிப்பாங்க."

"ஒரு தடவைகூட ஜெயிக்க முடியாதா?"

சிக்னல் சரியில்லை என்றாள் அலமாரி. பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கெல்லாம் சிக்னல்தான் துணை. அன்றைக்கு அவள் வெகுநேரம் தூங்கவில்லை. ஏனென்றால் இந்த வருஷத்தோடு எல்லாம் முடிகிறது. அடுத்த வருஷம் அணியில் இடமில்லை என்று கோச் தன்மையாகவே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது இந்த ஒரே ஒரு பந்தயம். இதிலும் குருவி என்கிறவளுக்குக் காற்று மறைப்பதுதான் வேலை. ஜெயிக்காத அம்மாவாகவே வீட்டுக்குப் போகப்போகிறோம், பெண்ணுக்கு அதுதான் கடைசிவரை ஞாபகம் இருக்கப்போகிறது என்ற நினைப்பு மட்டும் அவளை விடவில்லை.

குருவி அணியின் நட்சத்திரம். சின்ன உடம்பு. மலை என்றால் பறப்பாள், சமதளத்தில் காற்றடித்தால் துவண்டுபோவாள். பல நாள் பந்தயத்தின் கடைசி நாள் அது. குருவி கோப்பைக்குக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தாள். கடைசி மலையடிவரைக்கும் அவளைக் களைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

அந்த மலைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்ததுதான் அலமாரியின் ஊர்.

காலையிலிருந்து எதிர்காற்று. அதனால் ஒருத்தியும் தனியாக ஓடிப்பார்க்கத் துணியவில்லை. கூட்டம் ஒரே மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தலையாரி பக்கத்தில் வந்தாள். வேறு அணிக்காரி. கூட்டத்திலேயே மூத்தவள். எங்கே மெதுவாகப் போகலாம், எங்கே வம்பு கூடாது என்று கண்ணாலேயே தீர்ப்புச் சொல்கிறவள் என்பதால் தலையாரி.

"உன் ஊர் வருதாமே?"

அலமாரி மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள். "ஆமா."

"யாரு நிப்பாங்க?"

"வீட்டுக்காரர், அக்கா, பொண்ணு."

"போய்ப் பார்த்துட்டு வா. நாங்க மெதுவா வர்றோம்."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பந்தயம் ஒருத்தியின் சொந்த ஊர் வழியாகப் போனால், கூட்டம் வேகத்தைக் குறைத்து அவளை முன்னால் போகவிடும். அவள் போய் வீட்டு மனிதர்களைக் கட்டிப்பிடித்துவிட்டு, கூட்டம் வந்ததும் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். ஒரே ஒரு நிபந்தனைதான். கொடுத்த விடுப்பை வைத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. எப்போதோ ஒருத்தி அப்படி ஓடினாளாம். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் வழிவிட்டதில்லை, தாகத்துக்குத் தண்ணீர் நீட்டியதில்லை, விழுந்தால் திரும்பிப் பார்த்ததில்லை. ஓடினது யார் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் பயம்.

"சீக்கிரம் வந்துடுங்கக்கா. மலையடியில நீங்க இல்லன்னா நான் காலி" என்றாள் குருவி.

"எங்கடி போயிடப்போறேன்" என்று சொல்லிவிட்டு அலமாரி கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.

முன்னால் யாரும் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அகலமாக இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த ரயில்வே கேட்டைத் தண்டவாளத்தின் மேல் தடதடவென்று தாண்டினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். டயர் கடை, மருந்துக்கடை, சாயம் உரிந்த நீலச் சுவர். எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெதுவாக வந்து மெதுவாகப் போயின. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து கை தட்டினார். சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் காதுக்கு வந்த மாதிரி இருந்தது.

வீடு ஒரு சலவைக்கடையின் மாடி. கடையிலிருந்து வருகிற வெள்ளை ஆவி எந்நேரமும் நடைபாதையில் மிதந்துகொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நடுவே அவர்கள் நின்றார்கள். அவள் ஷூவைப் பெடலிலிருந்து விடுவித்து ஒரு காலை ஊன்றினாள்.

வீட்டுக்காரர் வேலை உடுப்போடு வந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, இவர் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த மனிதர்.

"ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுல ஒரு லிஃப்டை நிறுத்திட்டு ஓடி வந்திருக்கேன்."

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். அவளுடைய கையைப் பிடித்தவர் விடவில்லை.

அக்காவுக்கு எதிரே நிற்கிறவர்கள் எல்லோருமே வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பதாக நினைப்பு. யாருக்கும் பதில் சொல்ல இடம் கொடுக்கமாட்டாள். "இளைச்சுப்போயிட்ட. பேசாத. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. தூங்கறதில்ல. தலையை ஆட்டாத. ஆ காட்டு. பாரு, பல்லைக் கடிக்கிற. எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

வாண்டு மட்டும் கிட்ட வரவில்லை. விளக்குக்கம்பத்துக்குப் பின்னால் பாதி உடம்பை வைத்துக்கொண்டு நின்றாள். அலமாரிக்குப் புரிந்தது. ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினாள். அப்புறம்தான் குழந்தை வந்தது. வந்து, முகத்தைப் பார்க்காமல், முழங்காலில் இருந்த பழைய தழும்பின் மேல் ஒரு விரலை வைத்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தது. திரையில் பார்க்கும்போது குழந்தைக்குக் கனம் தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள் காது தன்னையறியாமல் சாலைப் பக்கமே இருந்தது. ரீங்காரம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்போதும் வரவில்லை. சலவைக்கடை ஆவி மட்டும் வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

திடீரென்று காதுக்குள் செருகியிருந்த கருவியில் கோச்சின் குரல் கேட்டது.

"எங்க இருக்க?"

"வீட்டு வாசல்ல சார்."

"கேட்டு மூடிட்டாங்க. கூட்ஸ் வண்டி. நடுப்பாதையில நின்னுபோச்சு, நகர மாட்டேங்குது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. நான் சொல்றது புரியுதா?"

"புரியல சார்."

"கேட்டு மூடறதுக்கு முன்னாடி தாண்டினவளுக்கு அந்த இடைவெளி சொந்தம். அது சட்டம். இப்பதான் நடுவர்கிட்ட கேட்டேன். போ. உடனே கிளம்பு. இந்த இடைவெளில எருமைமாடுகூட மலை ஏறி ஜெயிச்சிடும்."

"குருவி?"

"குருவியை நான் பாத்துக்கிறேன். உனக்கு இனிமே இப்படி ஒரு நாள் கிடையாது. போம்மா."

கோச் கெட்டவர் இல்லை. இத்தனை வருஷம் தன்னிடம் உழைத்தவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறோமே என்ற உறுத்தல் அவருக்கும் இருந்தது. அந்த உறுத்தல்தான் அன்றைக்குப் பேசியது.

வீட்டுக்காரரின் கைபேசியில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்ததால் விஷயம் அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "போங்க, போங்க" என்றார் சலவைக்கடைக்காரர். அக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "காத்துள்ளபோதே தூத்திக்கோடி. வாயைத் திறக்காத. ஏறு."

"அவங்க விட்டதாலதான்க்கா வந்தேன்."

"அவங்க விட்டது ஒரு நிமிஷம். மிச்சத்தை ரயில்காரன் குடுக்கிறான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

அக்கா சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அலமாரி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர், "எனக்கு லிஃப்ட் சட்டம்தான் தெரியும்" என்றார். "முதல்ல ஏறினவங்க மேல போய்ட்டா, அடுத்தவங்க காத்திருக்கணும். ஆனா உன் மனசுக்கு எது சரியோ அதைச் செய்."

அவள் வாண்டுவைப் பார்த்தாள். அந்தக் கேள்வி மட்டும் காதில் கேட்டது. ஒரு தடவைகூட ஜெயிக்க முடியாதா.

ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஹெல்மெட்டை மாட்டினாள், ஏறினாள், மிதித்தாள்.

தெரு பின்னால் போனது. முடிவுக்கோட்டைத் தாண்டுவது எப்படியிருக்கும் என்று அவள் அதுவரை கற்பனைகூடச் செய்ததில்லை. இப்போது எல்லாம் தானாக வந்தது. இரண்டு கைகளும் மேலே போகின்றன. வெள்ளைத் துணிகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கடைசித் துணிக்கு அந்தப் பக்கம் வாண்டு நிற்கிறாள், பூங்கொத்தை வாங்கிக்கொள்கிறாள். எதிர்காற்று முகத்தில் அடித்தது. அவள் குனிந்து, சீராக, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் மிதித்துக்கொண்டே போனாள். தெருமுனை, திருப்பம், அதைத் தாண்டி மலைக்குப் போகிற நேர்ச்சாலை.

நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் அவள் வலது முழங்கையை லேசாக வெளிப்பக்கம் அசைத்தாள். யோசித்துச் செய்யவில்லை. காற்றில் முன்னால் ஓட்டுகிறவள் தன் முறை முடிந்ததும் அப்படித்தான் அசைப்பாள். என் பங்கு முடிந்தது, நீ வா என்று பின்னால் இருப்பவளுக்கு அர்த்தம். அசைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழியும் விட்டாள்.

யாரும் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒதுங்கி யாரும் வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோய், கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவள் விழுந்தபோது நின்று தூக்கிவிட்ட எதிரணிக்காரி இருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு வந்த முதல் பந்தயத்தில் அவள் மூச்சுவிட முடியாமல் திணறியபோது, ஒன்றும் தெரியாதவள்போல வேகத்தைக் குறைத்த தலையாரி இருந்தாள். அவர்களுடைய முதுகுகளைத் தன் பெண்ணின் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறாள். போய்ட்டு வா என்றுதான் சொல்லியிருந்தார்கள். 'வா' என்ற சொல்லுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

காதுக்குள் கோச் கத்தினார். பிறகு கெஞ்சினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அது கத்தினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வாசலில் அவள் மறுபடி வந்து நின்றதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கையில கிடைச்சதைக் கீழ போட உன்னாலதான் முடியும்" என்றாள். சலவைக்கடைக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அலமாரி உட்கார்ந்து குழந்தைக்குக் கை நீட்டினாள். வாண்டு மடியில் ஏறி உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். தெருவில் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார்.

"ஜெயிச்சிட்டியாம்மா?" என்று வாண்டு ரகசியமாகக் கேட்டாள்.

அலமாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லடா. ஏன் கேட்கிற?"

"டிவில ஜெயிக்கிறவங்கதான் சைக்கிளை விட்டு இறங்குவாங்க. அவங்க பாப்பாவைத் தூக்கி வச்சுப்பாங்க. மத்தவங்க எல்லாம் நிக்காம போயிட்டே இருப்பாங்க. நீயும் போயிட்டே இருப்ப."

அவ்வளவுதான் விஷயம். கோப்பையும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆயிற்றே என்று அவள் குழந்தையின் தலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சுண்ணாம்புத்தூள் வாசனை அடித்தது. இரண்டு பேரும் ஆவிக்குள் அப்படியே இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலமாரி பாதித் தூக்கத்துக்குப் போய்விட்டாள். எந்தக் கனவும் வரவில்லை. மடியில் கனம் மட்டும் இருந்தது.

பிறகு தூரத்தில் அந்த ரீங்காரம் கேட்டது. ரயில் நகர்ந்துவிட்டது.

வாண்டுவுக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சவங்க மறுபடி ஏற மாட்டாங்கல்ல?"

"குருவியை மலைமேல விட்டுட்டு வந்துடறேன்" என்றாள் அலமாரி.

"நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவ."

கூட்டம் திருப்பத்தில் தெரிந்தது. அலமாரி ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டு வந்த முகங்கள் எல்லாம், அவள் நடைபாதையில் ஒரு காலை ஊன்றி நிற்பதைப் பார்த்ததும் ஒருமாதிரி ஆகின. தலையாரி பிரேக்கைத் தொட்டாள்.

"இன்னும் இங்கயா இருக்க?"

"கேட்டு மூடிட்டாங்களாமே."

"ம்" என்றாள் தலையாரி. நகர்ந்து, கூட்டத்துக்குள் ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டாள்.

அலமாரி ஏறினாள். வாண்டு கையாட்டவில்லை.

ஊரைத் தாண்டியதும் காற்று இன்னும் முரட்டுத்தனமானது. அலமாரி முன்னால் போனாள், குருவி அவளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அலமாரிக்கு அழுகை வந்தது. துடைக்கக் கையை எடுத்தால் வேகம் குறையும் என்று அழுதுகொண்டே மிதித்தாள். காற்று அவள் கண்ணீரை அப்படியே எடுத்துப் பின்னால் எறிந்தது.

"மழை தூறுதாக்கா?" என்று குருவி கேட்டாள்.

"இல்ல. தலையைக் குனிஞ்சு ஓட்டு."

கொஞ்ச நேரத்தில் குருவிக்குப் புரிந்திருக்க வேண்டும். முகத்தை அவள் துடைக்கவில்லை.

மலையடியோடு அவள் வேலை முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு என்னவோ அலமாரி ஒதுங்கவில்லை. மலையிலும் இழுத்தாள். அலமாரியை மலையில் ஏற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் இதோடு சரி, இதோடு சரி என்று சொல்லிக்கொண்டே உச்சிக்குச் சற்றுக் கீழேவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, முழங்கையை அசைத்தாள். இந்தத் தடவை ஒருத்தி வந்தாள். குருவி அவளைத் தாண்டும்போது ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு பறந்துவிட்டாள்.

அதோடு எல்லாம் முடிந்தது. ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். அலமாரி ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்கு வந்து, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யார் ஜெயித்தார்கள் என்று அது சொல்லும் முன்பே கழற்றிவிட்டாள்.

கடைசியில் துடைப்ப வண்டி வந்தது. பந்தயத்தின் கடைசியில் வருகிற வேன் அது. முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போவதால் பின்கதவில் நிஜமாகவே ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். ஓட்டி வந்த பெண் வண்டியை நிறுத்தினாள்.

"விழுந்துட்டியா?"

"இல்லைங்க."

"உடம்பு முடியலையா? ஏறு, தண்ணி இருக்கு."

அலமாரி முதுகில் குத்தியிருந்த நம்பரை ஊக்கு ஊக்காகக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். பந்தயத்தை விட்டுவிடுகிறேன் என்று அதற்குப் பொருள்.

ஓட்டுநருக்குப் புரியவில்லை. "இனிமே முழுக்க இறக்கம்தானே. சும்மா உக்காந்திருந்தாலே சைக்கிள் உன்னைக் கோட்டுல கொண்டுபோய் விட்டுடும். இவ்வளவு தூரம் வந்துட்டு யாராவது விடுவாங்களா?"

"வீடு இந்தப் பக்கம் இருக்குங்க" என்றாள் அலமாரி.

வேன் போன பிறகு சாலையில் யாருமே இல்லை. அவள் வந்த வழியே சைக்கிளைத் திருப்பினாள். இத்தனை வருஷமாக முகத்தில் அறைந்துகொண்டிருந்த காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. தூரத்தில் ஊர் மெல்ல மெல்லப் பெரிதானது.

சலவைக்கடை வாசலில் அந்த நாற்காலி இன்னும் இருந்தது. வாண்டு அதில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றால் வரமாட்டேன் என்கிறாள், காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அக்கா மாடியிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டு வாண்டு நிமிர்ந்தாள். அம்மா தெருவில் எதிரே வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து நிற்கும்வரை குழந்தை அசையவில்லை. அப்புறம் நாற்காலியில் ஏறி நின்று, அம்மாவின் தோளுக்கு மேலாகச் சாலையை எட்டிப் பார்த்தாள்.

"மத்தவங்க எல்லாம் எங்க?"

"அவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க."

வாண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாலையின் கடைசிவரைக்கும் ஒருத்தியும் வரவில்லை.

"அப்போ நீதான் முதல்ல வந்திருக்க" என்றாள்.

அலமாரி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். நடைபாதையிலேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.